அருவிவெட்டு இயந்திரத்தின் நேரம் வயலில் எங்கே போகின்றது?

2025 ஜனவரி 24 – தென்மராட்சியில் இருந்து ஒரு கமக்காரர்

கிளிநொச்சியில் என் மைத்துனரின் வயலில் ஒரு ஏக்கரை நாற்பது நிமிடத்தில் வெட்டி முடித்த அதே இயந்திரம், அதே சாரதியுடன், எங்கள் 12 பரப்பை வெட்டி முடிக்க ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தது. இரண்டு இடத்திலும் ஒரே இன நெல், நிலமும் காய்ந்துதான் கிடந்தது. மணித்தியாலக் கணக்கில் காசு என்பதால் சாரதி வேண்டுமென்றே நேரத்தை இழுத்தார் என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

ஜனவரி 24, இரவு

மறுக்கிறேன். சாரதியைக் குற்றம் சொல்வதற்கு முன்னர் வயலை அளந்து பாருங்கள்.

இங்கு வருகின்ற, இறப்பர்ச் சங்கிலியில் ஓடும் இயந்திரங்களின் வெட்டு அகலம் ஏறத்தாழ 2 மீற்றர். நிமிர்ந்து நிற்கும் பயிரில் மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு கணமும் நில்லாமல் ஓடினால், ஒரு மணித்தியாலத்தில் 8,000 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் வெட்டப்படும். அப்படி எந்த வயலிலும் நடப்பதில்லை. திரும்புதல், நெல் இறக்குதல், வரம்பு கடத்தல் எல்லாம் அந்த மணித்தியாலத்துக்குள்ளேதான் அடங்குகின்றன. தானே இயங்கும் கூட்டு அறுவடை இயந்திரங்களின் கள வினைத்திறன் (வயலில் எடுக்கும் மொத்த நேரத்தில் உண்மையில் வெட்டுவதற்குப் போகும் பங்கு) பொதுவாக 65 முதல் 80 வீதம் வரை என்று அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கத்தின் தரவுக் குறிப்பு சொல்கின்றது. உங்கள் மைத்துனரின் நாற்பது நிமிடம் 75 வீதத்துக்கு வந்து நிற்கின்றது. அது நல்ல வயல். உங்கள் 12 பரப்போ, ஏக்கருக்கு 16 பரப்பு என்று வைத்தால், முக்கால் ஏக்கர். நில்லாமல் வெட்டினால் இருபத்து மூன்று நிமிட வேலை; எடுத்தது எண்பது நிமிடம். முப்பது வீதம்கூட இல்லை.

வேறுபாட்டின் பெரும்பங்கு வயலின் நீளத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். நாலு பரப்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். அது 50 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்டது என்று வைப்போம். நீளவாக்கில் வெட்டினால் பத்து ஓட்டம், ஓட்டத்துக்கு 45 செக்கன், ஆக ஏழரை நிமிடம். ஒவ்வொரு திரும்பலுக்கும் 15 செக்கன் என்றால் இரண்டரை நிமிடம். வினைத்திறன் 75 வீதம். அதே துண்டை, நீளவாக்கில் நுழைய வழியில்லாததால், குறுக்குவாக்கில் வெட்ட நேர்ந்தால் இருபத்தைந்து ஓட்டம். வெட்டும் நேரம் அதே ஏழரை நிமிடந்தான்; ஆனால் திரும்பல்களுக்கு மட்டும் ஆறேகால் நிமிடம் போகின்றது. வினைத்திறன் 55 வீதத்துக்கு இறங்கிவிடுகின்றது. சாரதி, இயந்திரம், பயிர், பரப்பளவு எதுவும் மாறவில்லை.

உங்கள் 12 பரப்பு எத்தனை துண்டு, ஒவ்வொன்றின் நீள அகலம் என்ன என்பதைச் சொல்லுங்கள்.

ஜனவரி 25

ஐந்து துண்டு என்று பதில் வந்திருக்கின்றது. அவற்றில் ஒன்று முக்கோணம்.

நீர்வேலியில் இருந்து எழுதியவர் நியாயமான ஒன்றைச் சுட்டியிருக்கிறார்: யாரும் போய் வந்து வெட்டுவதில்லை, வரம்போரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிறார்கள். உண்மை. என் கணக்கு நீளத்தின் பங்கைக் காட்டுவதற்கானது. சுற்றி வெட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு மூலை. 20 மீற்றர் அகலத் துண்டுக்கு ஐந்து சுற்று, இருபது மூலை. சாரதி ஒவ்வொரு மூலையிலும் முன்னே வெட்டி, பின்னே எடுத்து, மூக்கைத் திருப்பி, மறுபடி முன்னே போகிறார். கடைசிச் சுற்றுகளில் ஓட்டம் குறுகி மூலைகள்தான் மிஞ்சும். நடுவில் எஞ்சும் கீற்று ஒரு மீற்றருக்கும் குறைவாக இருந்தாலும் அதற்கு ஒரு முழு ஓட்டம் ஓடத்தான் வேண்டும்.

முக்கோணத் துண்டின் கூர் மூலைக்குள் இயந்திரம் நுழையவே முடியாது. அந்த மூலைகளையும் இயந்திரம் இறங்கும் வாயிலையும் முதல் நாள் பின்னேரமே அரிவாளால் வெட்டி, கதிரை உள்ளே போட்டு வைப்பது எங்கள் வழக்கம். இரண்டு பேர் அரை மணித்தியாலம் செய்யும் வேலை அது. செய்யாத வருடங்களில் இயந்திரம் அந்த மூலைகளில் நெல்லை மிதித்துத் திரும்பியதையும், மிதிபட்ட கதிர் சேற்றோடு போனதையும் கண்டிருக்கிறேன்.

ஜனவரி 27

அராலியில் இருந்து ஈரம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வழுக்கையாறு வலிகாமத்தின் மழைநீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுவதால், அந்த வெளிகளில் தை மாதத்திலும் தண்ணீர் நிற்பது புதிதல்ல. இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ளவர்கள் மதகை அடைத்து, அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்னரே நீரை வடிய விடலாம். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு வயல் மழையை நம்பியது. தண்ணீரைக் கேட்டு வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் முடியாது.

மூன்று தொன்னுக்கு மேற்பட்ட இயந்திரம் என்றாலும் அகலமான இரண்டு சங்கிலிகளில் எடை பரவுவதால், அது நிலத்தின் மேற்பரப்பில் கொடுக்கும் அழுத்தம் நடக்கும் மனிதனின் ஒற்றைக் காலினதைவிடக் குறைவு. ஆகவே "ஆள் நடந்தால் இயந்திரமும் ஓடும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி மட்டுமே சரி. பரந்த சுமையின் அழுத்தம் மனிதக் காலின் அழுத்தத்தைவிட ஆழமாக மண்ணுக்குள் இறங்குகின்றது. மேல்மண் தாங்கினாலும் கீழே உள்ள களிப்படை தாங்க வேண்டும். திரும்பும்போது ஒரு பக்கச் சங்கிலி ஏறத்தாழ நிற்க, மற்றது சுற்றி அரைக்கின்றது; நேராக ஓடும்போது தாங்கிய மண் அந்த இடத்தில் அறுந்துபோகும். இயந்திரங்கள் பெரும்பாலும் தலைமாட்டு (வயலின் முனைப்பக்க) மூலைகளில் புதைவதற்குக் காரணம் இதுதான். தானியத் தொட்டி நிறைந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

என் வழக்கம் இது: வரம்போரத்தை விட்டு, வயலின் நடுவிலும் தாழ்ந்த மூலையிலும் வெறுங்காலோடு நின்று, குதிக்காலை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பார்ப்பேன். குழி கணுக்காலுக்குக் கீழே நின்று அதன் சுவர் இடியாமல் இருந்தால் இயந்திரத்தை இறக்கலாம். குழிக்குள் தண்ணீர் ஊறி வந்து, காலை எடுக்கும்போது சேறு உறிஞ்சிப் பிடித்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஈர மண்ணில் சாரதி வேகத்தைக் குறைக்கிறார், தொட்டி பாதி நிறையும் முன்னரே இறக்க வருகிறார், திரும்பும் வட்டத்தைப் பெரிதாக்குகிறார். அந்த மூன்றும் நேரம்.

ஜனவரி 28

சரிவு பற்றி ஒருவர் கேட்டார். குடாநாட்டு வயலில் சரிவு பொருட்டல்ல. ஒரே துண்டுக்குள் இருக்கும் அரை அடிப் பள்ளங்கள்தான் பொருட்டு. அவை ஈரத்தோடு சேர்ந்த விடயம்.

ஜனவரி 30

வரம்பு பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கின்றது, ஏனெனில் எங்கள் பகுதியில் இயந்திரத்தின் நேரத்தை அதிகம் தின்பது அதுதான் என்று நம்புகிறேன்.

எங்கள் வயல்கள் இப்படித் துண்டுபட்டது நில அமைப்பால் மட்டும் அல்ல. முதுசம் பிள்ளைகளுக்குப் பிரிகின்றது, சீதனமாக ஒரு பங்கு போகின்றது, அந்தப் பங்கு அடுத்த தலைமுறையில் மறுபடியும் பிரிகின்றது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்தபோது வயலில் அரிவாளும் மாடும் வேலை செய்தன. நாலு பரப்புத் துண்டு அவற்றுக்கு இடைஞ்சல் இல்லை. 2 மீற்றர் அகல வெட்டியோடு (முன்னால் உள்ள வெட்டும் பகுதி) மூன்று தொன் இயந்திரம் வந்து நிற்கும்போது ஒவ்வொரு பிரிவினையும் ஒரு வரம்பாக அதன் முன்னால் நிற்கின்றது. வரம்பில் ஏறும்போது வெட்டியைத் தூக்கி, மூக்கு மேலே எழும்பி, மறுபக்கம் குத்தென விழாமல் மெல்ல இறங்க வேண்டும். மானாவாரி வயலில் மழைநீரைக் கட்டிவைப்பதற்காக வரம்பை உயர்த்தியும் கட்டுகிறோம். இயந்திரம் வரும் முன்னர் இரண்டு இடத்தில் மண்வெட்டியால் வரம்பைத் தாழ்த்திச் சாய்வு கொடுத்து வைத்தால், கடக்கும் நேரமும் குறையும், வரம்பும் முழுதாக இடியாது. வாய்க்காலின் குறுக்கே பனங்குற்றிகளை நெருக்கிப் போட்டு வழி செய்வதும் உண்டு. குற்றிகள் உருளாமல் இரண்டு பக்கமும் முளை அடிக்க வேண்டும்.

எங்கள் வயலும் பெரியம்மாவின் வயலும் ஒரே வரம்பின் இரண்டு பக்கம். அந்த வரம்பை எடுத்துவிட்டால் நீளம் இரட்டிக்கும் என்று நான் பல வருடம் கேட்டேன். அவருக்கு நெல்லைப் பற்றிக் கவலை இல்லை. எல்லை அழிந்தால் நாளை பிள்ளைகள் வழக்குக்குப் போவார்கள் என்ற கவலை. கடைசியில் இரண்டு தலைமாட்டிலும் எல்லைக்கல் நட்டு, காணி உறுதியில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, இரண்டு வீட்டாரும் கையொப்பம் வைத்த கடதாசி ஒன்றை எழுதிய பின்னர் சம்மதித்தார். வரம்பை எடுத்த வருடம் இயந்திரம் நடுவில் நிற்காமல் ஒரே நீள ஓட்டமாகப் போனதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை இன்றும் சொல்லலாம்.

ஜனவரி 30, பின்னேரம்

மேலே எழுதியதை வாசித்து வரம்புகளை வெட்டப் புறப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரம்பு தண்ணீரையும் தாங்குகின்றது. எங்கள் இரண்டு துண்டுகளுக்கும் இடையே மட்ட வேறுபாடு நாலு விரல் அளவுதான். ஒரு முறை மட்டம் சாய்த்துச் சரிசெய்தோம். வேறுபாடு அரை அடி என்றால் வரம்பை எடுத்ததும் மேட்டுத் துண்டு காய்ந்து களை ஏறும், பள்ளத் துண்டு மூழ்கும், பயிர் இரண்டு விதமாக முதிரும். இயந்திரத்தில் மிச்சப்படுத்திய நேரத்தை விளைச்சலில் இழப்பீர்கள். முதலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் போய், வரம்பின் இரண்டு பக்கமும் நீர் எந்த உயரத்தில் நிற்கின்றது என்று ஒரு தடியில் குறித்துப் பாருங்கள்.

பெப்ரவரி 1

கடந்த 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பின்னர் இந்தப் போகத்தில் புதிதாக ஒரு சிக்கல். தாழ்ந்த துண்டுகளில் பயிர் அழுகி, சிலர் மறுபடி விதைத்தார்கள். அருகில் உள்ள மேட்டுத் துண்டு பழுத்து நிற்க, பள்ளத்தில் கதிர் இன்னும் பச்சை. இயந்திரம் பச்சையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அல்லது பச்சையையும் சேர்த்து வெட்டி நெல்லின் ஈரப்பதனை ஏற்ற வேண்டும். ஈரப்பதன் 20 முதல் 22 வீதம் வரை இருக்கும்போது வெட்டுவது நல்லது. பச்சைக் கதிர் கலந்தால் அந்த அளவு கூடி, காயவிடும் நாட்களும் கூடும்.

சாய்ந்த பயிர் வேறு வகைச் சோதனை. பயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றதோ அதற்கு எதிரே இருந்து வந்து வெட்டினால்தான் கதிர் எழும்பி வெட்டிக்குள் போகும். பின்னால் இருந்து வந்தால் வெட்டி கதிரின் மேலாலேயே போய்விடும். எனவே ஒரு திசையில் மட்டும் வெட்டி, திரும்பி வரும் ஓட்டத்தை வெறுமையாக விட வேண்டும். வேகமும் பாதியாகக் குறையும். நேரம் மூன்று மடங்கு போனாலும் சாரதி செய்தது சரியான வேலை. மொட்டைக்கறுப்பன் போல உயர்ந்து வளரும் இனங்களை விதைப்பவர்கள் இதை விதைக்கும்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நானும் ஒரு துண்டில் அதையே விதைக்கிறேன், அந்தச் சோற்றின் சுவைக்காக. அந்தத் துண்டுக்கு எடுக்கும் கூடுதல் நேரத்தின் கூலியை மனமுவந்து கொடுக்கிறேன்.

பெப்ரவரி 3

வைக்கல் பற்றி எழுதவில்லையே என்று மாடு வளர்ப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

இயந்திரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது நெல்லின் அளவைவிட, அதற்குள் புகும் தாளின் அளவு. மேலே உயர்த்தி, கதிருக்குச் சற்றுக் கீழே வெட்டினால் குறைந்த தாள் உள்ளே போகின்றது. நெல்லைப் பிரிக்கும் உருளை இலகுவாகச் சுற்றுகின்றது, வேகமும் கூட்டலாம். மாட்டுக்கு வைக்கல் வேண்டும் என்று நிலத்தோடு ஒட்ட வெட்டச் சொன்னால் தாளும் களையும் சில இடங்களில் சேறும் சேர்ந்து உள்ளே போகும். காலையில் பனி காயும் முன்னர் அப்படி வெட்டினால் உருளை அடைத்து, சாரதி இறங்கி, மூடியைத் திறந்து, ஈர வைக்கலைக் கையால் இழுத்து எடுப்பதைப் பார்க்கலாம். வைக்கல் வேண்டுபவர்கள் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு தொடங்கச் சொல்லுங்கள். இந்தக் கூடுதல் நேரத்தை இழப்பாகப் பார்க்கவும் வேண்டாம். தீவனமில்லாத ஆடி மாதத்தில் ஒரு கட்டு வைக்கல் என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும்.

பெப்ரவரி 6

வேகத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நிலத்தில் விழும் நெல்லை மறந்துவிடுவோம். அவசரப்படுத்தினால் சாரதி வேகமாகத்தான் ஓட்டுவார். நெல் வைக்கலோடு பின்னால் பறக்கும்.

எளிய கணக்கு ஒன்று. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. நாட்டரிசி வகை நெல்லின் ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம். ஆகவே சதுர அடிக்கு ஒரு மணி விழுந்தால் ஏக்கருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் இழப்பு. ஈர்க்கினால் ஓரடிச் சதுரம் கட்டி, இயந்திரம் போன தடத்தில் வைக்கலை விலக்கி, ஐந்தாறு இடத்தில் வைத்து எண்ணுங்கள். சராசரி நாற்பது என்றால் ஏக்கருக்கு நாற்பது கிலோவுக்கு மேல் மண்ணில் கிடக்கின்றது. வெட்டுவதற்கு முன்னரே உதிர்ந்ததை வேறாக எண்ணிக் கழிக்க வேண்டும். முற்றிப்போன பயிரில் அதுவே பெரும் பங்கு. சம்பா மணி சிறியது, அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூலைகளிலும் வரம்போரத்திலும் எண்ணிக்கை கூடுகின்றதா என்று தனியே பாருங்கள். எங்கள் வயலில் கூடுகின்றது: திரும்பும் இடத்தில் தாள் உள்ளே போவது விட்டுவிட்டு நடக்கின்றது, சல்லடையில் நெல் சீராகப் பரவுவதில்லை. சிறு துண்டுகள் நேரத்தையும் நெல்லையும் சேர்த்தே வாங்குகின்றன.

பெப்ரவரி 8

கூலிக் கணக்கு. ஏக்கர் கணக்கில் பேசினால் சிறு துண்டின் இழப்பு இயந்திரக்காரர் தலையில். அவர் அடுத்த வருடம் எங்கள் ஒழுங்கைக்குள் வரமாட்டார், பெரிய வெளிகள் முடிந்த பிறகே எங்களிடம் வருவார். மணித்தியாலக் கணக்கில் அது எங்கள் தலையில். என் தீர்ப்பு மணித்தியாலக் கணக்குத்தான் நேர்மையானது என்பது, ஒரு நிபந்தனையோடு: உழவு இயந்திரம் இழுத்து வரும், நெல் ஏற்றும் பெட்டி வரத் தாமதித்தால் அந்த நேரம் எங்களது, இயந்திரம் பழுதுபட்டு நின்றால் அந்த நேரம் அவரது. இதைத் தொடங்கும் முன்னரே பேசிவிட வேண்டும்.

பரப்புக் கணக்கிலும் கவனம் வேண்டும். நான் இங்கு எழுதுவது ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கு. உறுதிகளில் நெல் விதைப்புக் கணக்கில் எழுதியிருந்தால் ஏக்கருக்கு 24 பரப்பு. அந்தக் கணக்கில் 12 பரப்பு அரை ஏக்கர் மட்டுமே. வெளி மாவட்டத்தில் இருந்து வரும் இயந்திரக்காரருக்கு இரண்டுமே தெரியாது. தம்பி, உங்கள் 12 பரப்பு எந்தக் கணக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 12

கேள்வி கேட்டவர் 16 கணக்கு என்று உறுதிப்படுத்தியதோடு, தன் அண்ணரின் வயலில் அதே இயந்திரம் வெட்டும்போது கைக்கடிகாரத்தோடு நின்று எழுதிய குறிப்பையும் அனுப்பியிருக்கிறார். அதுவும் 12 பரப்பு, ஐந்து துண்டு, மொத்தம் எண்பது நிமிடம். வெட்டியது 35 நிமிடம். மூலைகளிலும் திரும்பலிலும் 20. வரம்பு கடந்து துண்டு மாறியது 12. மீதி 13 நிமிடம் தொட்டி நிறைந்து, பெட்டிக்காகக் காத்து நின்றது.

வெட்டும் நேரமே இருபத்து மூன்றுக்குப் பதிலாக முப்பத்தைந்து ஆனதற்கு, சாரதி முழு அகலத்துக்கும் வெட்ட முடியாமல் போனதும், குறுகிய ஓட்டத்தில் வேகம் ஏறும் முன்னரே அடுத்த வரம்பு வந்ததும் காரணமாக இருக்கும். சாரதி சும்மா நின்ற நிமிடம் ஒன்றும் அந்தக் குறிப்பில் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இனி அவரது கேள்வி, இவற்றில் எதை முதலில் மாற்றலாம் என்பது. அந்த 13 நிமிடத்தை. உழவு இயந்திரமும் பெட்டியும் வீதியோரத்தில் நின்றிருக்கின்றன. வயலின் மறுதலையில் தொட்டி நிறைந்தபோது இயந்திரம் வெறுமனே வீதிவரை ஓடி வந்திருக்கின்றது. முதலில் வெட்டி முடித்த துண்டுக்குள் பெட்டியை இறக்கி, மற்றத் துண்டுகளுக்கு நடுவே நிறுத்துங்கள். அடுத்தது வரம்புச் சாய்வு. முதல் நாள் பின்னேர வேலை. மூலைகளை அரிவாளால் வெட்டுவது மூன்றாவது. வரம்பை எடுத்துத் துண்டுகளைச் சேர்ப்பது அண்ணரோடும் அயலவரோடும் இருந்து பேச வேண்டியது. அதை இந்த மாசியிலேயே, தாள் நிற்கும் நிலத்தில் மட்டம் தெளிவாகத் தெரியும்போது, தொடங்குங்கள். உழவு தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இராது.